நாலு கட்டம்

தொழுதூர் தாண்டற வரைக்கும் இப்படித்தான் உருட்டுவான் தம்பி, அப்புறம் வேகம் எடுத்துடுவான். நீங்களும் திருச்சிதானா? நானும் திருச்சிதான். பொண்ணு அங்க காலேஜ்ல சேர்ந்திருக்கா. ஹாஸ்டல். விலங்கியல் படிக்கறா. பாக்கப் போறேன். போறேன் இல்ல, போறோம். அதோ, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், பையை மடியில வெச்சுக்கிட்டு வெளியில பாத்துட்டு வர்றாங்களே, அவங்கதான் என் சம்சாரம். அஞ்சலாட்சி.

ஏன் தனித்தனியா உட்கார்ந்து வர்றீங்கன்னு நீங்க கேக்கல. கேட்டாலும் தப்பில்ல. கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். சும்மா உட்கார்ந்து வர எனக்கு முடியறதில்ல. போன பங்குனியிலேர்ந்தே இப்படித்தான். உட்கார்ந்தா எழுந்திருக்கணும்னு இருக்கும், எழுந்தா எங்க போறதுன்னு தெரியாது. உங்களுக்குக் கால் இடிக்குதா? கொஞ்சம் தள்ளிக்கறேன்.

என் பேரு தெய்வநாயகம். விருத்தாசலத்துல பத்திரம் எழுதறேன். இருபத்தெட்டு வருஷமா எழுதறேன். கிரயம், தானசெட்டில்மென்ட், பாகப்பிரிவினை, எது வேணாலும். யாராவது நிலம் வாங்கணும்னு வந்தா முதல்ல முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருய்யான்னு சொல்லுவேன். யார்கிட்டயிருந்து யாருக்கு வந்துச்சு, நடுவுல எங்க கோளாறுன்னு பாக்காம கையெழுத்துப் போடக் கூடாது. இது என் தொழில். அதனாலதான் இந்த விஷயத்துல நான் அப்படிப் பேசினேன். வேணும்னு பேசல.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் குணாளன், டிப்ளமோ மெக்கானிக்கல். இளையவ தேன்மொழி. குணாளன் ரெண்டு வருஷம் ரயில்வே பரீட்சைக்குப் படிச்சான். ரயில் ஓட்டற வேலைக்கு. உதவி டிரைவர்னு எடுத்து அப்புறம் டிரைவர் ஆக்குவாங்களே, அது. எழுத்துப் பரீட்சையில பாஸ். அடுத்ததுலயும் பாஸ். அடுத்து ஒரு கம்ப்யூட்டர்ல என்னென்னவோ ஓட விட்டு மூளையைப் பாப்பாங்களாம், அதுலயும் பாஸ். நான் எங்க தெரு முழுக்கச் சொல்லிட்டேன். சொல்லக் கூடாதா? பெத்தவன் சொல்லாம யார் சொல்லுவா. உடம்பு பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அவன் உடம்புக்கு என்ன, தினம் அஞ்சு கிலோமீட்டர் ஓடறவன்.

போன ஆவணியில பரிசோதனைக்குப் போனான். சாயங்காலம் போன் பண்ணினான். "அப்பா, கண்ணுல தள்ளிட்டாங்கப்பா"ன்னான். கண்ணுல என்னடா, கண்ணாடி கூடப் போடலியேடான்னேன். "கலர் தெரியலியாம்பா. சிவப்பு, பச்சை."

எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு புத்தகம் வெச்சிருக்காங்களாம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வட்டம், வட்டம் முழுக்கப் பொடிப்பொடியாப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள ஒரு நம்பர் வேற கலர்ல இருக்குமாம். கண்ணு சரியா இருக்கறவன் படிச்சுடுவான். இவனுக்கு முதல் பக்கத்துல மட்டும் நம்பர் தெரிஞ்சுதாம், அது எல்லாருக்கும் தெரியறதுக்காக வெச்சது. அதுக்கப்புறம் வெறும் புள்ளிதான். சிக்னல் பாத்து ரயில் ஓட்டறவனுக்கு இது இல்லேன்னா எப்படி எடுப்பாங்க. எடுக்கல. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான், மாடிக்குப் போயிட்டான். நான்தான் பேசினேன். இருபத்திரண்டு வருஷம் எங்கடா இருந்துச்சு இது, எப்படி யாருக்கும் தெரியாமப் போச்சுன்னு வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே பேசினேன். அப்ப தேன்மொழி பிளஸ் டூ. உயிரியல் எடுத்திருந்தா. அவதான் ஒரு நோட்டை எடுத்துட்டு வந்து என் முன்னால வெச்சு, "அப்பா, இது நோய் இல்லப்பா, வழிவழியா வர்றது. எப்படி வரும்னு கட்டம் போட்டுக் காட்டறேன் பாருங்க"ன்னா.

ஜாதகக் கட்டம் பன்னண்டு. இது நாலே கட்டம். மேல அப்பாவுக்கு ரெண்டு எழுத்து, பக்கத்துல அம்மாவுக்கு ரெண்டு எழுத்து. ஆம்பளைக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பொம்பளைக்கு ரெண்டும் எக்ஸ். கலர் தெரியற சமாச்சாரம் எக்ஸ்ல இருக்கு. பையனுக்கு அப்பன்கிட்டயிருந்து ஒய்தான் வரும், அம்மாகிட்டயிருந்துதான் எக்ஸ் வரும். அந்த எக்ஸ் கோளாறா இருந்தா பையனுக்குக் கலர் தெரியாது. அம்மாவுக்கு ரெண்டுல ஒண்ணு நல்லதா இருந்தாப் போதும், அவளுக்குக் கண்ணு நல்லாவே இருக்கும். ஆனா சுமந்துக்கிட்டு இருப்பா. பிறக்கற பையன்ல பாதிக்குப் பாதி வரும்.

எனக்கு ஒரே தடவையில புரிஞ்சுபோச்சு தம்பி. பட்டாதாரர் யாரு, மூலப்பத்திரம் எதுன்னு பாக்கறவனுக்கு இது என்ன கஷ்டம். "அப்ப பையனுக்கு வந்தது அம்மா வழி"ன்னேன். "ஆமாப்பா." "அம்மாவுக்கு எங்கிருந்து வந்துச்சு?" "தாத்தாகிட்டயிருந்து வந்திருக்கலாம், இல்ல ஆயாகிட்டயிருந்து"ன்னா. நான் அதுக்கு மேல கேக்கல. என் மாமனார் கோதண்டம் எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வெச்சிருக்கார். கல்யாணத்துக்கு சிவப்புக் கரை வேட்டி எடுக்கப் போய்ப் பச்சைக் கரை எடுத்துட்டு வந்தார்னு அவங்க வீட்டுல இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

அன்னிலேர்ந்து எனக்கு அந்தக் கட்டம்தான். பழைய முத்திரைத்தாள் பின்பக்கத்துல போட்டுப் போட்டுப் பாப்பேன். ஆபீஸ் வாசல்ல யார் வந்தாலும் போட்டுக் காட்டுவேன். ஒருத்தர் பூனைக்கண்ணு பேரனோட வந்தார்னா உங்க வீட்டுல யாருக்கய்யா பூனைக்கண்ணுன்னு கேட்டு, தகப்பன் வழியா தாய் வழியான்னு சொல்லிடுவேன். பாதி சரியா இருக்கும். ஸ்டாம்ப் விக்கறவர் கூட, என்ன நாயகம், பத்திரம் எழுதறதை விட்டுட்டு ஜோசியம் ஆரம்பிச்சுட்டீங்களான்னு கேட்டார். ஜோசியம் இல்லய்யா, இது கணக்குன்னேன்.

திட்டக்குடியில டீ குடிக்க இறங்கலியா நீங்க? நான் இறங்கலாம்னு பாத்தேன், அஞ்சலாட்சி இறங்கல, அதனால இருந்துட்டேன்.

கார்த்திகையில என் சகலை வீட்டுல பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருந்தாங்க, ஒரு நூத்தம்பது பேர் இருக்கும். மாமனார் பந்தல்ல நடுநாயகமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேரனுக்கு வேலை என்னாச்சுன்னு என்னைக் கேட்டார். சாதாரணமாத்தான் கேட்டார். எனக்குள்ள மூணு மாசமா கிடந்தது அப்பப் பாத்து வெளிய வந்துடுச்சு.

குணாளன் போன்ல அந்தப் புள்ளிப் படம் ஒண்ணு இருந்துச்சு. கீழே சின்ன எழுத்துல விடை போட்டிருந்துச்சு, எழுபத்தி மூணுன்னு. நான் விடையைக் கட்டைவிரலால மறைச்சுக்கிட்டு, படத்தை அவர் மூஞ்சிக்கு நேரா பிடிச்சேன். "மாமா, இதுல என்ன நம்பர்?" அவர் கண்ணைச் சுருக்கிப் பாத்தார். போனைத் தள்ளிப் பிடிச்சுப் பாத்தார். "நம்பரா? புள்ளிதான் மாப்ள இருக்கு"ன்னார். "எழுபத்தி மூணு மாமா. எல்லாருக்கும் தெரியுது, உங்களுக்குத் தெரியல"ன்னேன். பக்கத்துல நின்ன ரெண்டு பசங்க எட்டிப் பாத்து, ஆமா எழுபத்தி மூணுன்னாங்க. நான் வட்டத்தைப் பாக்கவே இல்ல தம்பி. பாக்க என்ன அவசியம், விடைதான் கீழ இருக்கே.

அப்புறம் நான் சொன்னேன். வில்லங்கம் இருக்கற சொத்தை மறைச்சு எழுதிக் குடுத்துட்டீங்க, என் பையன் வாழ்க்கை போச்சுன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். மேளக்காரங்க கூட நிறுத்திட்டாங்க.

அவர் கோபப்படல. "எனக்கே தெரியாததை நான் எப்படி மாப்ள மறைக்கறது"ன்னார். அவ்வளவுதான். சாப்பிடாம எழுந்து போயிட்டார். எழுபத்தாறு வயசு. செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு போயிட்டார், யாரோ பின்னாடி ஓடிப்போய் மாத்திக் குடுத்தாங்க.

அஞ்சலாட்சி அங்கதான் நின்னா. பந்திப் பாத்திரத்தைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு நின்னா. அப்ப நான் நெனச்சேன், அவங்கப்பா மேல தப்பு, அதனால வாய் திறக்க முடியலன்னு. பஸ்ல வரும்போது குணாளன்தான், "எனக்கு வேலை போனது கூடப் பரவாயில்லப்பா. தாத்தாவை ஏம்பா கேட்டீங்க"ன்னான். அவன் இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில இருக்கான். எப்பவாவது போன் பண்ணுவான். அவங்கம்மாவுக்கு.

ஆனா தம்பி, ஒண்ணு சொல்றேன். பையன் விஷயத்துல நான் போட்ட கட்டம் சரி. இன்னிக்கும் சரிதான். அதை யாரும் மறுக்க முடியாது.

தை மாசம் பொங்கல் லீவு முடிஞ்சு தேன்மொழி பள்ளிக்கூடம் போனா. அங்க ஆய்வுக்கூடத்துல பிள்ளைங்க எல்லாருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டியிருக்காங்க. பாடத்துக்காக. அறுபது பேர்ல மூணு பசங்களுக்குத் தெரியல. பொண்ணுங்கள்ல ஒருத்திக்குத் தெரியல. அந்த ஒருத்தி என் பொண்ணு.

மூணு நாள் அவ யார்கிட்டயும் சொல்லல. நாலாவது நாள் நான் காலையில பேப்பர் பாத்துட்டு இருக்கும்போது நோட்டைக் கொண்டாந்து வெச்சா. புதுசா கட்டம் போட்டிருந்தா. "அப்பா, எனக்கும் இருக்குப்பா"ன்னா. பாவம், பயந்த மாதிரி சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "பாத்தியா உங்க தாத்தா பண்ண வேலை"ன்னேன்.

அவ தலையை ஆட்டினா. "இல்லப்பா. பொண்ணுக்கு வரணும்னா ரெண்டு எக்ஸும் கோளாறா இருக்கணும். ஒண்ணு அம்மாகிட்டயிருந்து வந்துச்சு. இன்னொண்ணு..." சொல்லிட்டு அந்த மேல் வரிசையில அப்பான்னு எழுதியிருந்த இடத்துல பென்சிலை வெச்சா. வெச்சுட்டு என்னைப் பாத்தா. "நீங்க ஒரு தடவை அந்தப் புத்தகத்தைப் பாருங்களேம்பா."

நான் திட்டிட்டேன். எங்க வம்சத்துல அப்படிக் கிடையாது, எங்கப்பா எண்பது வயசுல ஊசியில நூல் கோத்தவர்ன்னேன். ரெண்டும் தாத்தாகிட்டயிருந்தே வந்திருக்கும்ன்னேன். அப்படி வராதுப்பான்னா. அப்ப புத்தகம் தப்புன்னேன். போன் பாத்துப் பாத்து கண்ணு கெட்டிருக்கும், கீரை சாப்பிடு, சரியாப் போகும்ன்னேன். அவ நோட்டை மூடி எடுத்துட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

எனக்கு நல்லாத்தான் தெரியும் தம்பி. அதோ வயலு தெரியுது, பச்சை. மண்ணு, சிவப்பு. சின்ன வயசுலேர்ந்து தெரியும். தெரியாதவனுக்குத் தெரியலன்னு தெரியாதான்னுதான் அப்ப நெனச்சேன்.

ஆனா அந்தக் கட்டம் என்னை விடல. போட்டுப் பாத்தேன். திரும்பத் திரும்பப் போட்டேன். எப்படிப் போட்டாலும் பொண்ணுக்கு வந்தா அப்பனுக்கு இருக்கணும். மாசி மாசம் மாசிலாமணி சார்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியார், உயிரியல் வாத்தியார், செட்டில்மென்ட் எழுத வந்தார். எழுதி முடிச்சு அவர் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கும்போது கேட்டேன். என் வீடுன்னு சொல்லல, கட்சிக்காரர் ஒருத்தர் வீட்டு விஷயம்ன்னேன். பொண்ணுக்கு இருக்கு, அப்பாவுக்கு இல்ல, அப்படி வருமா சார்?

"வராதே"ன்னார். "பொண்ணுக்கு வந்தா அப்பாவுக்கும் இருந்தாகணும்." "அப்பாவுக்கு நிச்சயமா இல்லைன்னா?" அவர் பேனாவை மூடினார். பத்திரத்தைப் பாத்துக்கிட்டே, "நிச்சயமா இல்லைன்னா, அதை நம்ம பேசக் கூடாது நாயகம்"ன்னார். எழுந்து ரெண்டு எட்டு போனவர் திரும்பி வந்து, "முதல்ல அந்த அப்பாவைப் பரிசோதனை பண்ணச் சொல்லுங்க. நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது"ன்னார். அவர் திரும்பி வந்து சொன்னது எனக்குக் காதுல ஏறல தம்பி. முதல்ல சொன்னதுதான் ஏறுச்சு.

ஒரு மாசம். ஒரு மாசம் நான் என்ன பண்ணேன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்றேன், நீங்க இறங்கிப் போயிடுவீங்க. தேன்மொழி பிறந்த வருஷத்துலேர்ந்து பின்னாடி போனேன். அந்த வருஷம் நான் எந்தெந்த நாள் வெளியூர் போனேன், வீட்டுக்கு யார் யார் வந்துட்டுப் போனாங்க, மாடி கட்டினப்ப எந்தக் கொத்தனார், டிவி ரிப்பேர் பண்ண வந்தவன் எத்தனை தடவை வந்தான். பழைய டைரியெல்லாம் எடுத்துப் பாத்தேன். வில்லங்கம் போட்டுப் பாக்கறதுன்னா முழுசாப் பாக்கணுமில்ல. அஞ்சலாட்சி சோறு போடும்போது அவ கையைப் பாப்பேன். தேன்மொழி தூங்கினா அவ மூக்கைப் பாப்பேன், என் மூக்கா, இல்லையான்னு. ஒரு பத்திரத்துல நாலு எல்லையை மாத்தி எழுதிட்டேன், இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவை.

பங்குனியில ஒரு நாள் காலையில, பொண்ணு பரீட்சைக்குப் போயிருந்தா. அஞ்சலாட்சி இட்லித் தட்டுல மாவு ஊத்திட்டு இருந்தா. நான் சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு கேட்டேன். "தேன்மொழி என் பொண்ணுதானே?"

அவ மீதி ரெண்டு குழிக்கும் மாவை ஊத்தினா. தட்டை உள்ள வெச்சு மூடினா. கையைக் கழுவினா. அப்புறம் கேட்டா, "கட்டம் போட்டுப் பாத்தீங்களா?"ன்னு. ஆமான்னேன்.

கூடத்துக்குப் போய் தையல் மெஷின்லேர்ந்து மூணு நூல்கண்டு எடுத்துட்டு வந்து திட்டு மேல வெச்சா. "இதுல என்னென்ன கலர் இருக்கு, சொல்லுங்க." நான் பாத்தேன். "மூணும் காப்பிக் கலர்தானே. ஒண்ணு கொஞ்சம் வெளுத்திருக்கு"ன்னேன்.

"ஒண்ணு பச்சை. ஒண்ணு அரக்கு. ஒண்ணுதான் காப்பிக் கலர்."

அவதான் பேசினா. குரல் உசத்தல. "கல்யாணம் ஆன மறு மாசமே எனக்குத் தெரியும். வாசக்கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் வாங்கிட்டு வாங்கன்னேன், செங்கல் கலர் வாங்கிட்டு வந்து அடிச்சீங்க. பச்சை நல்லா இருக்குல்லன்னு கேட்டீங்க. நல்லா இருக்குன்னேன். எங்கப்பாவும் அப்படித்தான், அவருக்கும் எது எதுன்னு தெரியாது. நான் பாத்த ரெண்டு ஆம்பளையும் அப்படியே இருந்தீங்க. ஆம்பளைங்க கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். குணாவுக்கு வேலை இல்லைன்னு எழுதிக் குடுத்தப்பதான் இதுக்கு ஒரு பேரு இருக்குன்னே எனக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல. காதுகுத்துல அத்தனை பேர் முன்னாடி நான் பேசினப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல"ன்னேன்.

"சொல்லியிருந்தா அத்தனை பேர் முன்னாடி உங்களை இறக்கின மாதிரி ஆயிருக்கும். அதனால வாயை மூடிக்கிட்டு எங்கப்பாவை இறக்கிட்டேன்"ன்னா.

அடுப்பை அணைச்சா. ஒரு பையில நாலு துணி எடுத்து வெச்சா. பொண்ணு பரீட்சை முடிஞ்சு வர்ற வரைக்கும் இருந்து, அவளுக்குச் சாப்பாடு போட்டு, ஆயாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு பண்ருட்டி பஸ் ஏறிட்டா. அன்னிக்கு இட்லியை நான்தான் எடுத்துச் சாப்பிட்டேன்.

இதுல அவ மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குன்னு எனக்குத் தோணும் தம்பி. இருபத்தி மூணு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது பச்சை இல்லைங்கன்னு சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா. உங்களுக்கு என்ன தோணுது? சரி, நீங்க சொல்ல வேணாம்.

மறு வாரம் கடலூர்ல ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ சொன்னது பொய்யா இருந்தா எழுத்துல வாங்கி வெச்சுக்கலாம்னுதான் போனேன். சின்னப் பொண்ணு ஒண்ணு, தேன்மொழி மாதிரி, புத்தகத்தை விரிச்சுது. முதல் பக்கம். "பன்னண்டு"ன்னேன். உடனே தெரிஞ்சுது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்தப் பொண்ணு பக்கத்தைத் திருப்புச்சு. புள்ளி. "நம்பர் தெரியுதா சார்?" பாத்தேன். அடுத்த பக்கம். புள்ளி. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார்." அடுத்தது. அடுத்தது. நான் கிட்டப் போய்ப் பாத்தேன். தள்ளிப் பாத்தேன். என் மாமனார் பாத்த மாதிரியே பாத்தேன். புத்தகம் பழசாச்சோ, அச்சு மங்கிப்போச்சோன்னு கேட்டேன். "போன மாசம் வந்த புத்தகம் சார்"னுது.

காகிதத்துல எழுதிக் குடுத்தாங்க. சட்டைப் பையில வெச்சுக்கிட்டு கடலூர் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தேன். மூணு பண்ருட்டி பஸ் போச்சு. நாலாவதுல ஏறினேன்.

மாமனார் தோப்புல இருந்தார். கீழ விழுந்த முந்திரிப் பழத்தைத் தடியால தள்ளித் தள்ளிக் கூட்டிட்டு இருந்தார். விழுந்தாத்தான் பொறுக்கணும், பறிக்கக் கூடாது. அதனாலதான் அந்த மனுஷன் எழுபத்தாறு வருஷம் கலரே தெரியாம முந்திரி விவசாயம் பண்ணிட்டார் போல. நான் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி இல்ல, நீங்களே சொல்லுங்கன்னார். எனக்கும் அந்த நம்பர் தெரியல மாமான்னேன்.

தடியைக் கீழ போட்டார். "நிஜமாவா மாப்ள?"

"ஒண்ணுமே தெரியல. புள்ளிதான்."

"நம்பர் உள்ள இருக்கறது வாஸ்தவந்தானா, இல்ல சும்மா சொல்றாங்களா?"

"இருக்குதாம் மாமா."

அவர் சிரிச்சுட்டார். எனக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வந்துச்சு. காதுகுத்துல பேசினதுக்கு மன்னிச்சுக்கங்கன்னேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்னார். தாங்கிட்டார் தம்பி. பெரிய மனுஷன், அன்னிக்கே தாங்கிட்டார். அஞ்சலாட்சி எனக்குச் சோறு போட்டா. மோர் ஊத்தினா. என் பக்கம் திரும்பல.

வைகாசியில அதே சகலை புது வீடு கிரகப்பிரவேசம். அதே ஜனம். நான் முடிவு பண்ணிட்டேன், எந்த இடத்துல இறக்கினேனோ அந்த இடத்துலயே ஏத்திடணும்னு. மாமனார் பக்கத்துல போய் நின்னு, எல்லாரையும் பாத்து, போனை என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு சொன்னேன். எனக்கும் இதுல ஒண்ணும் தெரியல, ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க, அன்னிக்கு மாமாவைப் பேசினது தப்புன்னு. யாரோ ரெண்டு பேர் சிரிச்சாங்க. சகலை, விடுங்க சம்மந்தி, இலை போட்டாச்சு வாங்கன்னார். பதட்டத்துல என்னைச் சம்மந்தின்னுட்டார். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. இதுக்கா ரெண்டு மாசம் பயந்துட்டு இருந்தோம்னு ஆயிடுச்சு.

அஞ்சலாட்சி அந்த வாரமே வீட்டுக்கு வந்துட்டா. சமைக்கறா, துவைக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. பத்து நாள் பாத்துட்டு நானே கேட்டேன், அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே, இன்னும் என்னன்னு.

"எங்கப்பாவைப் பேசினதுக்கு எங்கப்பாகிட்ட சொன்னீங்க. அது சரியாப் போச்சு"ன்னா.

"உனக்கு?"

"என்னைக் கேட்டதுக்கு என்ன செஞ்சா சரியாப் போகும்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்றேன்."

கோபமாச் சொல்லியிருந்தா கூடப் பரவாயில்ல. நெசமாவே யோசிச்சுப் பாத்துட்டுச் சொன்ன மாதிரி சொன்னா. பாருங்க, எழுபத்தாறு வயசு மனுஷன், நூத்தம்பது பேர் முன்னாடி பேச்சு வாங்கினவர், ஒரு நாள்ல விட்டுட்டார். இவளை நான் யார் முன்னாடியும் கேக்கல. சமையக்கட்டுல, தனியா, ஒரே ஒரு கேள்வி. அதுவும் கட்டம் அப்படிச் சொன்னதாலதான் கேட்டேன். நாலு மாசமாகுது.

எங்க தொழில்ல பிழைதிருத்தல் பத்திரம்னு ஒண்ணு உண்டு. சர்வே நம்பர் தப்பாப் போச்சு, பேர் தப்பாப் போச்சுன்னா, இன்னொரு பத்திரம் எழுதிச் சரி பண்ணிடலாம். எவ்வளவு பழைய தப்பா இருந்தாலும் சரி. ஆனா ரெண்டு பார்ட்டியும் வந்து கையெழுத்துப் போடணும். எழுதிக் குடுத்தவன் மட்டும் போட்டா செல்லாது. எத்தனையோ பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன், இப்பதான் எனக்கு அது உறைக்குது.

பெரம்பலூர் தாண்டியாச்சா? தாண்டிட்டான். இன்னும் ஒரு மணி நேரம்.

பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாதுன்னுதான் நெனச்சுட்டு இருக்கேன். ஆனா அவ விலங்கியல்தான் படிக்கறா, கட்டம் போட எனக்குக் கத்துக் குடுத்தவளே அவதான். அந்த நாலு கட்டத்துல அப்பனுக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாமயா இருக்கும். புத்தகத்தைப் பாருங்களேன்னு அவ சொன்னப்ப நான் எங்க வம்சத்துலயே இல்லைன்னு கத்தினேனே, அப்ப அவ மூஞ்சி போன போக்கு இப்பதான் எனக்கு ஞாபகம் வருது. அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லாம இருந்த அந்த மூணு நாள் அவ என்னத்தை நெனச்சுக்கிட்டு இருந்திருப்பா. அதை நான் இதுவரைக்கும் யோசிக்கல தம்பி. உங்ககிட்ட சொல்லும்போதுதான் வருது.

போன வாரம் போன் பண்ணி, "வர்றதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, தனித்தனியா வராதீங்க"ன்னா. அதான் சேர்ந்து வர்றோம். விருத்தாசலத்துல ஏறும்போது ரெண்டு பேர் சீட்டா பாத்து நான் முதல்ல ஏறி, துண்டைப் போட்டு வெச்சேன். அஞ்சலாட்சி பின்னாடியே ஏறினா, துண்டைப் பாத்தா, அங்க போய் உட்கார்ந்துட்டா. டிக்கெட் மட்டும் ரெண்டுக்கும் சேர்த்து நான்தான் எடுத்தேன்.

இருங்க, போன் அடிக்குது. பொண்ணுதான்.

சொல்லும்மா. ஆங், வந்துட்டு இருக்கோம். பெரம்பலூர் தாண்டிட்டோம். சாப்பிட்டாச்சு. நல்லா இருக்கேன். அம்மாவா? அம்மா பக்கத்துலதான் இருக்கா. இல்லம்மா, தூங்கல. இரு, இரு, குடுக்கறேன்.

தம்பி, கொஞ்சம் காலை மடக்கிக்கங்க. நான் முன்னாடி போகணும்.